மூன்று வாக்கும் ஒரு பெட்டியும்: கொழும்பு மத்திய தொகுதியின் கதை

தேர்தல் தொகுதி என்பதற்கு இன்றைய அரபு ஏடுகள் ஆளும் சொல் ‘தாயிரா’ என்பதாகும். வட்டம் என்பதே அதன் நேர்ப்பொருள். நகரசபைத் தொகுதியை நம் தமிழகத்தார் ‘வட்டம்’ என்கின்றனர். இலங்கையிலோ ‘வட்டாரம்’ என்று வழங்குகின்றனர். மூன்று இடத்தும் பொருள் ஒன்றாகவே அமைந்துவிட்டது. வட்டம் என்றால் உள்ளே இருப்போர் சிலர், வெளியே நிற்போர் சிலர் என்பது சொல்லாமலே விளங்கும். அந்தக் கோட்டை வரைகிறவர் யார், எதற்காக வரைகிறார் என்பதில்தான் ஒரு சமுதாயத்தின் குரல் சபையில் கேட்பதும் கேளாமற்போவதும் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. ஆயினும் தேர்தல் காலத்தில் வேட்பாளரைப் பற்றி விடிய விடியப் பேசும் நாம், கோட்டைப் பற்றிப் பேசுவதேயில்லை.

இரண்டாம் அகபா உடன்படிக்கையின்போது, யத்ரிபிலிருந்து வந்திருந்த அன்சாரிகளை நோக்கித் தங்களுக்குள்ளிருந்து பன்னிரு நகீபுகளைத் தெரிவு செய்து தருமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஸீரா நூல்களில் காணப்படுவது. ஒன்பதின்மர் கஸ்ரஜ் குலத்தார். மூவர் அவ்ஸ் குலத்தார். அதனை இக்காலத் தேர்தலோடு ஒப்பிடுவது மிகை என்பதை நாம் அறிவோம். ஆயினும் சிறிய கூட்டத்தாரும் தமக்குரிய அளவில் இடம்பெற வேண்டும் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று என்பதற்காகவே அதனை ஈண்டு நினைவுகூர்ந்தோம். அந்த அளவை எவ்வாறு கணக்கிடுவது என்னும் சிக்கலுக்கு விடை தேடிய தொகுதிகளுள், நம் மக்களுக்கு மிக நெருக்கமானது கொழும்பு மத்திய தொகுதி.

இத்தொகுதி எந்த மண்ணில் அமைந்தது என்பதை முதலில் சொல்லவேண்டும். கொழும்புத் துறைமுகத்தையும் கோட்டையையும் அடுத்துக் கிடக்கும் புறக்கோட்டைக் கடைத்தெருக்கள், நீதிமன்றங்கள் நிறைந்த புதுக்கடை, ஏழை எளியோர் நெருங்கி வாழும் வாழைத்தோட்டம், ஸாஹிராக் கல்லூரி அமைந்த மருதானை ஆகியவை இதன் நெஞ்சுப் பகுதி. பெரிய பள்ளிவாசல் நிற்கும் புதுச்சோனகத் தெருவும், பழைய சோனகத் தெருவும் தம் பெயராலேயே தம் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் செவ்வெள்ளைக் கற்பட்டைகளோடு நிமிர்ந்து நிற்கும் ஜாமிஉல் அல்பர் பள்ளியை அறியாத கடலோடிக் குடும்பம் நம் கரையில் இல்லை. 1908-இல் கட்டத் தொடங்கி 1909-இல் நிறைவுற்ற அப்பள்ளியைச் ‘சம்மாங்கோட்டார் பள்ளி’ என்றே மக்கள் அழைப்பர். தமிழகக் கரையிலிருந்து சென்ற வணிகர்கள் எழுப்பிய பள்ளி அது.

இந்த மண்ணில் சோனகர் வீடு வாங்கவே முடியாதிருந்த காலமும் ஒன்றுண்டு. கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் சோனகரும் தமிழரும் மனையோ நிலமோ உடைமையாகக் கொள்ளலாகாது என்று ஒல்லாந்தர் விதித்திருந்தனர். ஆங்கிலேயர் அவ்விதியை நீக்கியது 1832-இல்தான். 1865-ஆம் ஆண்டின் சட்டத்தால் கொழும்பு மாநகர சபை ஏற்பட்டு, 1866 ஜனவரியில் முதன்முறையாகக் கூடிற்று. ஒரு மண்ணில் உடைமை கொள்ள உரிமை பெற்று ஒரு தலைமுறை கழிவதற்குள் அம்மண்ணின் நகராட்சியில் குரல் கொடுக்கும் வாய்ப்பும் தோன்றிற்று. எனினும் அக்காலத்து வாக்குரிமை சொத்துடையோருக்கே உரியதாயிருந்தது. வாழைத்தோட்டத்துச் சுமைகூலிக்காரருக்கு அதில் பங்கில்லை.

நாட்டின் சட்டசபை வரலாறு வேறு வழியாக வந்தது. 1889-இல் முஸ்லிம்களுக்கெனச் சட்ட நிரூபண சபையில் ஒரு நியமன இடம் ஒதுக்கப்பட்டது. அதில் முதலில் அமர்ந்தவர் மர்ஹூம் எம். சி. அப்துர் ரஹ்மான் அவர்கள். இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில் முஸ்லிம் வாக்காளர் தம் பிரதிநிதியைத் தாமே தெரிவு செய்யும் இனவாரித் தேர்தல் வந்தது. 1924-இல் அவ்வாறு தெரிவானவர்களுள் ஸாஹிராக் கல்லூரி அதிபர் டி. பி. ஜாயா அவர்களும் ஒருவர். பிறகு வந்த டொனமூர் ஆணைக்குழு, இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நாட்டின் உடலைப் பற்றிய நோயென்றே கருதி, அதனை அடியோடு நீக்கப் பரிந்துரைத்தது. அதே ஆணைக்குழுவின் பரிந்துரையால்தான் 1931-இல் ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது என்பதையும் நாம் மறைக்கலாகாது. ஒரு கையால் கொடுத்ததையும் மறு கையால் எடுத்ததையும் சேர்த்தே எழுதுவதுதான் வரலாறு.

எடுத்ததன் விளைவு உடனே தெரிந்தது. 1931-இல் அரசாங்க சபைக்குத் தெரிவானோரில் முஸ்லிம் ஒருவரே. அவர் மட்டக்களப்புத் தெற்கில் வென்ற மாக்கான் மாக்கார். 1936-இல் ஒருவருமில்லை. ஜாயா அவர்களும் ராசிக் பரீத் அவர்களும் அந்தச் சபைக்குள் சென்றது ஆளுநரின் நியமனத்தால். கொழும்பு மத்திய தொகுதி அப்போது ஓர் அங்கத்தவரையே தெரிவு செய்யும் தொகுதி. 1923-ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தையும் 1929-ஆம் ஆண்டின் டிராம் வேலைநிறுத்தத்தையும் நடத்திப் புகழ்பெற்ற தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க அதனைத் தம் கோட்டையாக வைத்திருந்தார். முஸ்லிம்கள் தெருத்தெருவாக நெருங்கி வாழும் ஒரு தொகுதியில்கூட அவர்கள் ஒருவரை அனுப்ப இயலவில்லை. நெருங்கி வாழ்ந்தாலும் பாதிக்குமேல் இல்லையே! ஒற்றை இடத் தொகுதியில் பாதிக்குக் குறைந்தோர் எத்தனை பேராயினும், கணக்கில் அவர்கள் ஒன்றுமில்லாதவரே ஆகிவிடக்கூடும்.

இந்நிலையில் 1944-இன் இறுதியில் சோல்பரி ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. இனவாரித் தொகுதிகளை மீண்டும் ஏற்படுத்த அது இசையவில்லை. ஆனால் சிறுபான்மையோர் கணிசமாக வாழும் இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட அங்கத்தவரைத் தெரிவு செய்யும் தொகுதிகளை அமைக்கலாம் என்னும் இடைவழியைக் காட்டியது. 75,000 மக்களுக்கு ஓர் இடம், ஆயிரம் சதுர மைலுக்கு மேலும் ஓர் இடம் என்று மாகாணங்களுக்கு இடங்கள் பகிரப்பட்டன. 1946-இன் தொகுதி நிர்ணய ஆணைக்குழு 89 தொகுதிகளை வகுத்தது. அவற்றுள் 84 ஓர் அங்கத்தவர் தொகுதிகள்; நான்கு இரு அங்கத்தவர் தொகுதிகள்; நாட்டிலேயே மூன்று அங்கத்தவரைக் கொண்டது ஒன்றே ஒன்று. அதுவே கொழும்பு மத்தி.

இதன் நுட்பத்தைச் சற்று நின்று விளக்குவது தகும். மூன்று இடமுள்ள தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். அவற்றை மூவருக்கும் பிரித்தளிக்கலாம். இரண்டை ஒருவருக்கும் ஒன்றை மற்றொருவருக்கும் இடலாம். மூன்றையும் ஒருவருக்கே கொட்டிவிடவும் செய்யலாம். எடுத்துக்காட்டாக, 60,000 பேர் வாக்களிக்கும் ஒரு தொகுதியைக் கற்பனை செய்வோம். அதில் 16,000 பேர் ஒரு சிறுபான்மைச் சமுதாயத்தார். அவர்கள் தம் மூன்று வாக்கையும் ஒரே வேட்பாளருக்கு இட்டால் அவருக்கு 48,000 வாக்குகள் சேரும். எஞ்சிய 44,000 பேருக்கு 1,32,000 வாக்குகள் உண்டு. அவற்றைக் கொண்டு மூன்று இடத்தையும் பிடிக்க வேண்டுமாயின் மூன்று வேட்பாளருக்கும் சமமாகப் பகிர வேண்டும். அப்போது ஆளுக்கு 44,000 தான். எனவே சிறுபான்மை வேட்பாளரே முதல் அங்கத்தவராக வெற்றி பெறுவார். நான்கில் ஒரு பங்குக்கு ஒருவர் கூடினாலும் ஓர் இடம் உறுதி என்பதே இம்முறையின் உள்ளடக்கம். மதரஸாவில் ‘பராயிள்’ எனும் பாகப்பிரிவினைக் கணக்கில் தேர்ந்தவர்களுக்கு இது விளையாட்டு.

ஆனால் அக்கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அதே 16,000 பேர் இரு வேட்பாளர்களை நிறுத்திப் பாதிப் பாதியாகப் பிரிந்தால், ஆளுக்கு 24,000 தான், இருவரும் வீழ்வர். சட்டம் கொடுத்த இடத்தைச் சமுதாயமே இழக்கும். அக்காலத்தில் கொழும்பு முஸ்லிம்களின் தலைமை ஒன்றாக இருந்ததெனச் சொல்வதற்கில்லை. ஜாயா அவர்கள் மலாய் வழியினர். சோனகர், மலாயர், போரா, மேமன் அனைவரையும் ‘முஸ்லிம்’ என்னும் ஒரே பெயரில் திரட்ட முயன்ற முஸ்லிம் லீக்கின் தலைவர். சேர் ராசிக் பரீத் அவர்களோ ‘சோனகர்’ என்னும் பெயரைக் கைவிடலாகாது என்று நின்ற சோனகர் சங்கத்தின் தூண். 1944-இல் சோனக இஸ்லாமியக் கலாசார இல்லத்தை நிறுவியவர். பின்னாளில் இதே தொகுதியின் அங்கத்தவராகப் பாராளுமன்றத்தில் அமர்ந்தவர். இருவரும் சமுதாயத் தொண்டர்களே. பெயரைப் பற்றிய இவ்வழக்கு வெறும் சொல் வழக்கென்று நாம் கருதவில்லை. சோனகர் இனத்தால் தமிழரே என்று 1888-இல் பொன்னம்பலம் இராமநாதன் எழுதிய கட்டுரை கிளப்பிய புண்ணின் தழும்பு அதற்குள் இருந்தது. ஆயினும் வாக்குப் பெட்டிக்குப் பெயர் வழக்கு தெரியாது.

1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் மூன்று வாக்கின் பயன் கண்கூடாயிற்று. குணசிங்க, ஜாயா, கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன் ஆகிய மூவரும் தெரிவாயினர். ஒருவர் சிங்களத் தொழிலாளர் தலைவர். ஒருவர் மலாய் முஸ்லிம் கல்விமான். ஒருவர் பறங்கியர் வழிவந்த நீதியரசரின் மைந்தரான பொதுவுடைமைவாதி. ஒரே வட்டத்துக்குள்ளிருந்து இத்தகைய மூவர் புறப்பட்டுச் சென்றது அத்தொகுதியின் கலப்பை அப்படியே படம்பிடித்ததாகும். ஜாயா அவர்கள் சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவை அமைச்சரானார். 1950-இல் பாகிஸ்தானுக்கான இலங்கையின் உயர் ஸ்தானிகராகச் சென்றார். 1960-இல் ஹஜ்ஜை நாடிச் சென்றவிடத்து மதீனாவில் இறையழைப்பை ஏற்று, ஜன்னத்துல் பகீயில் அடக்கமானார். அல்லாஹ் அன்னாரின் மண்ணறையை ஒளியாக்குவானாக.

வெற்றிக் களிப்பு ஆறுமுன்னரே கோடு வேறு விதமாக வரையப்பட்டது. இம்முறை நிலத்தின்மீதன்று, மனிதர்மீது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், குடிமக்களுக்கே வாக்குரிமை என்றாக்கிய 1949-ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரின் வாக்கைப் பறித்த கதையைப் பலர் எழுதியுள்ளனர். கொழும்புக் கடைத்தெருவில் கணக்கெழுதியும் கப்பல் சரக்கு இறக்கியும் வாழ்ந்த இந்தியச் சோனகரும் அதே கத்தியின் கீழ் வந்ததைப் பற்றி எழுதியோர் குறைவு. சம்மாங்கோட்டார் பள்ளியின் தொழுகை வரிசையில் தோளோடு தோள் நின்ற இருவரில் ஒருவர் வாக்காளர், மற்றவர் அந்நியர் என்றாயிற்று. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 75,000 பேருக்கு ஓர் இடம் என்று மாகாணத்துக்கு இடம் கணக்கிட்டபோது தலை எண்ணினார்களேயன்றிக் குடியுரிமை பார்க்கவில்லை. ஆக, வாக்கிழந்தோர் தலைக்கணக்கில் இருந்தனர், வாக்குக்கணக்கில் இல்லை. அவர்கள் தலையால் கிடைத்த இடங்களை அவர்கள் தேர்ந்தெடாத பிறர் நிரப்பினர். காயலிலும் கீழக்கரையிலும் பாட்டனார் காலத்துக் கொழும்புக் கடிதக் கட்டுகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இச்செய்தி வெறும் சட்ட நுணுக்கமாகத் தோன்றாது.

பிறகு நடந்த தேர்தல்களை எல்லாம் வரிசையாகச் சொல்லி வாசகரை வருத்தப் போவதில்லை. இருவரைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும். ஒருவர் கெனமன். 1947 தொடங்கி 1977 வரை முப்பது ஆண்டுகள், ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் இத்தொகுதி அவரைத் தெரிவு செய்தது. அவர் பிறந்த பறங்கியர் சமூகமோ மிகச் சிறியது. அவர் கட்சியும் இத்தொகுதியில் பெரும்பான்மை பெற்றதன்று. ஆனால் தொழிற்சங்கத் தொண்டர்கள் மூன்று வாக்கையும் அவருக்கே இட்டனர். முஸ்லிம்களை மனத்தில் கொண்டு வெட்டிய வாய்க்காலில் சிவப்புக் கொடியும் மிதந்து சென்றது! இதனைக் குறையாக நாம் சொல்லவில்லை. சிறுபான்மை என்பது பிறப்பால் மட்டும் ஆவதன்று, கருத்தாலும் ஆகும் என்பதை அம்முறை தானே கண்டுகொண்டது.

அதே கெனமன் 1970-இல் வீடமைப்பு அமைச்சரானபோது வந்தது 1973-ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம். வாடகை வீடுகளைத் தலைமுறைச் சேமிப்பாகக் கொண்டிருந்த கொழும்பு முஸ்லிம் குடும்பங்கள் பல அச்சட்டத்தால் சொத்திழந்தன. வக்பு போலவே காத்து வந்த வீடுகள் கைநழுவின என்று வயோதிகர் இன்றும் கூறிப் பெருமூச்சு விடுவர். ஆயின் அதே சட்டத்தால் ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்ந்த ஏழை முஸ்லிம்களுள்ளும் சிலர் தாம் குடியிருந்த வீட்டுக்கே உரிமையாளராயினர். சமுதாயத்தின் நலம் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லும்போது, யாருடைய நலம் என்று கேட்கும் கடமை நமக்குண்டு. புதுச்சோனகத் தெருவின் மாடிவீட்டாரும் வாழைத்தோட்டத்துக் குடிசையாரும் கலிமாவில் ஒன்று, வாடகைச் சீட்டில் இரண்டு.

மற்றவர் ஆர். பிரேமதாச. வாழைத்தோட்டத்தில் பிறந்து, 1950-இல் சென் செபஸ்தியன் வட்டாரத்திலிருந்து மாநகர சபைக்குள் புகுந்தவர். குணசிங்கவின் தொழிற்கட்சியில் தொடங்கி ஐக்கிய தேசியக் கட்சிக்கு வந்தவர். 1960 மார்ச்சில் கொழும்பு மத்தியில் வென்றார். அதே ஆண்டு ஜூலையில் தோற்றார். 1965-இல் மீண்டும் வென்றபின் அத்தொகுதியில் தோல்வி கண்டதில்லை. நகரசபை வட்டாரத்தின் தெருவிளக்கையும் குழாய்த் தண்ணீரையும் அறிந்தவர் பாராளுமன்றத் தொகுதியை வெல்வது எவ்வாறு என்பதற்கு அவர் வாழ்வே பாடம். பிரதமராகி, ஜனாதிபதியாகி, 1993 மே முதல் நாள் ஊர்வலத்தில் அவர் குண்டுக்கு இரையானதும் தம் பழைய தொகுதியின் மண்ணான ஆமர் வீதியில்தான்.

எல்லைகள் இதற்கிடையே இருமுறை மாற்றி வரையப்பட்டன. 1959-இன் ஆணைக்குழு 145 தொகுதிகளையும், 1976-இன் ஆணைக்குழு 160 தொகுதிகளையும் வகுத்தன. கொழும்பு நகரில் பொரளை போன்ற புதிய தொகுதிகள் தோன்றின; தெற்கு, மேற்கு, கிழக்கு என்று பெயர்கள் இடம் மாறின. மத்திய தொகுதியின் மூன்று இடத்தை மட்டும் இரு ஆணைக்குழுக்களும் தொடவில்லை. 1976-இல் நுவரெலியா–மஸ்கெலியாவுக்கும் மூன்று இடம் கிடைக்கவே, இதன் தனிப்பெருமை போயிற்று. பேருவளை, அரிஸ்பத்துவ, மட்டக்களப்பு, பொத்துவில் ஆகியவை இரு அங்கத்தவர் தொகுதிகளாயின. நம் மக்கள் வாழும் ஊர்களை அறிந்தவர் அப்பட்டியலைப் படித்தவுடனே காரணத்தை உணர்வர்.

1970-இல் பிரேமதாச, பலீல் கபூர், கெனமன் ஆகிய மூவர். 1977-இல் பிரேமதாச, ஜாபிர் ஏ. காதர், ஹலீம் இஷாக். ஜாயா காலத்தில் ஒன்றாயிருந்தது இரண்டாயிற்று. அவ்வாண்டு ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140-ஐ வாரிச் சென்ற பெருவெள்ளம். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு நாடு முழுவதிலும் கிடைத்தவை எட்டே இடங்கள். அந்த எட்டில் ஒன்று, தலைநகரின் நடுவே, கொழும்பு மத்தியின் மூன்றாம் அங்கத்தவரான ஹலீம் இஷாக்கினுடையது. அத்தொகுதி ஒற்றை இடத் தொகுதியாக இருந்திருப்பின், பிரேமதாசவுக்கு மேல் ஒரு பெயர் வெளிவந்திராது. மூன்று முறை பெருக்கிய வாக்கு ஆளுங்கட்சி முஸ்லிம் ஒருவரையும் எதிர்க்கட்சி முஸ்லிம் ஒருவரையும் ஒருசேர அனுப்பியது. ஒரு சமுதாயம் தன் முட்டைகளை ஒரே கூடையில் வைக்காமலிருக்க நேர்ந்த அருமையான சந்தர்ப்பம் அது என்பது எம் கருத்து.

அதுவே இறுதித் தெரிவாகவும் முடிந்தது. 1978-ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. 1982 டிசம்பர் மக்கள் தீர்ப்பின்வழி பழைய பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டமையால், 1989 பிப்ரவரி வரை புதிய முறைப்படி பொதுத் தேர்தல் நடைபெறவில்லை. மாநகர சபைகளில் அம்மாற்றம் முந்திக்கொண்டது. 1979-இலேயே வட்டாரங்கள் ஒழிந்து, நகர் முழுவதும் ஒரே தொகுதியாக விகிதாசாரத் தேர்தல் நடந்தது. பிரேமதாசவை வளர்த்த சென் செபஸ்தியன் வட்டாரமும் அவ்வாறே மறைந்தது. ஒரு தெருவில் குப்பை குவிந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்னும் கேள்விக்கு விடையில்லாமற் போயிற்று என்று கொழும்பு வாசிகள் குறைபட்டதில் நியாயமில்லாமலில்லை.

விகிதாசாரம் சிறுபான்மையோருக்குத் தீங்கென்று எவரும் கருதிவிட வேண்டாம். முதலில் வைத்த எட்டில் ஒரு பங்கு என்னும் வெட்டுப்புள்ளி சிறு கட்சிகளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 1988 டிசம்பரில் வந்த பதினைந்தாம் திருத்தம் அதனை நூற்றுக்கு ஐந்தாகக் குறைத்தது. முஸ்லிம் காங்கிரஸின் மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்கள் பிரேமதாசவிடம் பேசிப் பெற்ற பேறு அது. கொழும்பு மத்தியில் வாக்குக் கணக்கைக் கற்ற ஒருவரிடம் அக்கோரிக்கையை வைத்ததால் விளக்கம் அதிகம் தேவைப்பட்டிராது என்று நாம் ஊகிக்கிறோம். புதிய முறையிலும் வாக்காளருக்கு மூன்று விருப்பு வாக்குகள் உண்டு. ஆனால் மூன்றையும் ஒருவருக்கே இட இயலாது. மூன்று பெயருக்குத்தான் இடலாம். எண் அதே மூன்று, அதன் உயிர் வேறு.

வட்டாரம் மட்டும் திரும்பி வந்தது. 2012-இலும் 2017-இலும் நிறைவேறிய சட்டங்களால் நூற்றுக்கு அறுபது அங்கத்தவர் வட்டாரத்தின்வழியும் நாற்பதின்மர் விகிதாசாரத்தின்வழியும் தெரிவாகும் கலப்பு முறை ஏற்பட்டு, 2018 பிப்ரவரி 10-இல் முதன்முறையாக உள்ளூராட்சித் தேர்தல் அவ்வாறு நடந்தது. 2025 மே 6-இல் மீண்டும் நடந்தது. பல இனத்தார் கலந்து வாழுமிடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட அங்கத்தவரைக் கொண்ட வட்டாரங்களை வகுக்கவும் அம்முறையில் இடமுண்டு. 1946-இல் நாட்டுக்கு ஒன்றாகப் பிறந்த கருத்து, அளவில் சுருங்கித் தெருக்களுக்கு இறங்கியுள்ளது. கொழும்பு மத்தி என்னும் பெயரோ கொழும்பு மாவட்டத்தின் வாக்கெடுப்புப் பிரிவுகளுள் ஒன்றாக, வடக்கை அடுத்த இரண்டாம் வரியில், தேர்தல் இரவுதோறும் வானொலியில் வாசிக்கப்படுகிறது. அதற்கென இப்போது ஓர் அங்கத்தவரும் இல்லை.